ஒட்டியவர் யார் என்று தெரிந்தாக வேண்டும்

அலுமினியத் தகட்டில் செய்த சிறிய விமானத்தின் இறக்கைமீது ஏணி ஒன்று சாய்ந்து விழுந்தால் ஒடுக்கு விழும். அதைக் கண்ணால் காணலாம், விரலால் தடவலாம், எவ்வளவு ஆழம் என்று அளக்கலாம். அடிபட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு வைத்து ரிவெட் அடிக்கும் வேலையை மெக்கானிக்குகள் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். செய்து முடித்ததை இன்னொருவர் வந்து ரிவெட் ரிவெட்டாக எண்ணிச் சரிபார்க்கவும் முடியும். கண்ணாடி இழையையும் கார்பன் இழையையும் எபாக்ஸி ரெசினில் தோய்த்து அடுக்கிச் செய்த இறக்கைமீது அதே ஏணி விழுந்தால் நடப்பது வேறு. மேல்தோல் ஒரு கணம் அமுங்கி, மறுகணமே பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பெயின்ட்டில் ஒரு கீறல்கூட விழாமல் போகலாம். ஆனால் உள்ளே இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். தோலுக்கும் அதைத் தாங்கும் நுரைக்கும் இடையிலிருந்த பிடிப்பு விட்டுப்போயிருக்கலாம். இப்படி அடிபட்ட விமானத்தை யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்விக்கு ஒரு சிறிய விமானப் பயிற்சிப் பள்ளிக்கோ ஃப்ளையிங் கிளப்புக்கோ எளிதில் விடை கிடைப்பதில்லை. தெரிந்தவரைக் கேட்டு, அவருக்குத் தெரிந்தவரைக் கேட்டு ஆள் தேடும் வேலையாகவே அது இருக்கிறது. இந்தத் தேடலை விமான உரிமையாளரின் சொந்தப் பாடு என்று அரசு விட்டுவிடக் கூடாது. காம்போசிட் என்று தொழிலில் சொல்லப்படும் இந்த இழைக்கூட்டுப் பொருளில் பழுது நீக்குவதைத் தனித் தொழிலாக அங்கீகரித்து, பயிற்சி தந்து, தரம் பிரித்து, தேறியவர்களின் பெயரை எவரும் பார்க்கும்படி பட்டியலிட வேண்டும் என்பதே என் வாதம்.

இந்தப் பொருள் நேற்று வந்ததல்ல. கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடரான 'ஃபீனிக்ஸ்' 1957-ல் ஜெர்மனியில் பறந்தது. அமெரிக்க அரசின் சான்று பெற்ற முதல் காம்போசிட் விமானம் 1969-ல் வந்த விண்டெக்கர் ஈகிள். அதற்கு வழிகோலியவர் ஒரு பல் மருத்துவர். 1998-ல் சான்று பெற்ற சிரஸ் எஸ்ஆர்-20, ஆஸ்திரியாவில் பிறந்த டைமண்ட் விமானங்கள் ஆகியவற்றுக்குப் பிறகு சிறு விமான உலகில் காம்போசிட் சாதாரணப் பொருளாகிவிட்டது. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் அரசு விமானப் பயிற்சி நிலையத்தில் மாணவர்கள் ஓட்டிப் பழகுவது டைமண்ட் டிஏ-40, டிஏ-42 விமானங்களை. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா என்ற இருவர் அமரும் பயிற்சி விமானம் முழுக்க முழுக்க காம்போசிட்டால் ஆனது. அது முதலில் பறந்தது 1993-ல். ஹன்சா-3 வடிவம் 2000-ல் சான்று பெற்று, ஒரு டஜனைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையில் ஃப்ளையிங் கிளப்புகளுக்கும் கான்பூர் ஐஐடிக்கும் போயிற்று. அதன் புதிய வடிவமான ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பரில் முதன்முறை பறந்தது. கடல் மட்டத்தில் எப்படிப் பறக்கிறது என்று அறியும் சோதனைகள் 2022-ன் தொடக்கத்தில் புதுச்சேரியில் நடந்தன. அரசு ஆய்வகம் வடிவமைத்து, நாடெங்கும் உள்ள பயிற்சிப் பள்ளிகளில் பறக்க வேண்டும் என்று அரசே விரும்பும் விமானம் இது. அது அடிபட்டால் கை வைக்கத் தகுதியான ஆள் எங்கே இருக்கிறார் என்ற கேள்வியும் அந்த விருப்பத்தோடு சேர்ந்தே வருகிறது.

வேலை எப்படிப்பட்டது என்று சற்று விரிவாகப் பார்த்தால்தான் ஆளைப் பற்றிய கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். முதல் வேலை, சேதம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது. மண்பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதுபோல, நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். சேதத்தின் எல்லை தெரிந்ததும் அதைச் சுற்றிலும் அடுக்கடுக்காகத் தேய்த்துச் சரிவு எடுக்க வேண்டும். தடிமனைப்போல் 20 மடங்கிலிருந்து 50 மடங்குவரை அந்தச் சரிவு நீள வேண்டும். தோல் 2 மில்லிமீட்டர், சரிவு 30 மடங்கு என்று வைத்துக்கொண்டால், 5 சென்டிமீட்டர் ஓட்டையை அடைக்க 17 சென்டிமீட்டர் அகலத்துக்கு நல்ல பொருளைத் தேய்த்தாக வேண்டும். கை சற்று அழுந்தினால் எடுக்கக் கூடாத அடுக்கும் போய்விடும். பிறகு எடுத்த ஒவ்வோர் அடுக்குக்கும் ஈடாக, அதே வகைத் துணி, அதே கோணத்தில் வர வேண்டும். இறக்கையின் முறுக்கத்தைத் தாங்கும் தோலில் இழைகள் 45 டிகிரி சாய்வில் ஓடும். வளைவைத் தாங்கும் உத்தரத்தில் இழைகள் நீளவாக்கில் ஓடும். கோணம் மாறினால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பலம் மட்டும் போய்விடும். ரெசினும் ஹார்டனரும் கண்ணளவில் கலப்பதல்ல, தராசில் நிறுத்துக் கலப்பது. ஈரக் காற்றில் கலந்தால் சில வகை ஹார்டனர்கள் மேற்பரப்பில் மெழுகு போன்ற படலத்தை விடும். அதைக் கழுவாமல் அடுத்த அடுக்கை வைத்தால் ஒட்டு பிடிக்காது. கடலோர ஊர்களில் ஆண்டின் பல மாதங்களுக்கு இந்த அபாயம் உண்டு. வெற்றிடப் பை போட்டு அழுத்தி, இறுகிய பின் 50, 60 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவதும் விமான வகைக்கேற்ப இருக்கும்.

அந்த வெப்பப் பதம் ஏன் அவசியம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எபாக்ஸி இறுகிவிட்டது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் சரியாகப் பதப்படாத எபாக்ஸி, வெயிலில் சூடேறும்போது இளகத் தொடங்கிவிடும். காம்போசிட் சிறு விமானங்கள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம், அழகுக்காக அல்ல. டைமண்ட் டிஏ-20 விமானத்தில் உடற்கட்டின் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டிவிட்டதா என்று காட்டும் குறிகாட்டியே உண்டு. தாண்டியிருந்தால் குளிரும்வரை புறப்படக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தார்த் தரையில் நிற்கும் விமானத்துக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அதுபோலவே சுக்கான், ஏற்றத்தகடு போன்ற அசையும் பாகங்களில் பழுது நீக்கும்போது சில கிராம் ரெசினும் பெயின்ட்டும் கூடுதலாகப் போனால், கீலுக்குப் பின்னால் எடை கூடி, வேகத்தில் அந்தப் பாகம் படபடவென்று அடித்துக்கொண்டு பிய்ந்துபோகும் நிலை வரலாம். மின்னல் இன்னொரு விஷயம். 1999 ஏப்ரலில் இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் அருகே கண்ணாடி இழையால் ஆன கிளைடர் ஒன்றை மின்னல் தாக்கியது. வானத்திலேயே அது சிதறியது, உள்ளே இருந்த இருவரும் பாராசூட்டால் உயிர் தப்பினார்கள். மின்னலைக் கடத்துவதற்காக மெல்லிய உலோக வலை பதித்த விமானங்களில், பழுது நீக்குகிறவர் அந்த வலையை அறுத்த இடத்தில் மீண்டும் இணைக்காமல் விட்டால், மேலே பூசிய வெள்ளைப் பெயின்ட் அந்தக் குறையை மூடிவிடும்.

இத்தனைக்கும் மேலான ஒரு சிக்கல்தான் என் வாதத்தின் அடித்தளம். ஒட்டிய ஒட்டு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை, அதைப் பிய்க்காமல் அளந்து சொல்லும் நம்பகமான கருவி இன்றுவரை கிடையாது. பிரிந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தட்டிப் பார்க்கலாம், மீயொலி அனுப்பலாம், வெப்பப் படம் எடுக்கலாம். ஆனால் இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடைவெளி இல்லாமல், பிடிப்பும் இல்லாமல் இருந்தால் எந்தக் கருவிக்கும் அது நல்ல ஒட்டாகவே தெரியும். விரலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கோ, தேய்த்த பின் போகாத தூசியோ போதும், அப்படியொரு ஒட்டு உருவாவதற்கு. பிடிப்பு விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் இடறல் உண்டு. 2005 மார்ச்சில் கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்கு 260-க்கும் மேற்பட்டோருடன் புறப்பட்ட ஏர்பஸ் ஏ-310 விமானத்தின் காம்போசிட் வால் சுக்கான் நடுவானில் பிய்ந்து விழுந்தது. விமானிகள் திரும்பிவந்து பத்திரமாக இறக்கினார்கள். சுக்கானின் தோல் உள்ளிருக்கும் தேன்கூடு வடிவ உட்பொருளை விட்டுப் பிரிந்திருந்ததோ, அந்த உட்பொருளே உடைந்திருந்ததோ காரணமாக இருக்கலாம் என்றும், அதுவரை நடைமுறையில் இருந்த பரிசோதனைகள் அத்தகைய சேதத்தை உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப் போதுமானவை அல்ல என்றும் கனடாவின் விசாரணை அமைப்பு சொன்னது. பெரிய நிறுவனத்தின் பெரிய விமானத்துக்கே இதுதான் நிலை. வீடு கட்டுகிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கான்கிரீட் ஊற்றிய பிறகு உள்ளே கம்பி எப்படிக் கிடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால்தான் ஊற்றுவதற்கு முன்பே பொறியாளர் வந்து கம்பி கட்டியதைப் பார்க்கிறார். காம்போசிட் பழுதுநீக்கத்திலும் வேலை முடிந்த பிறகு பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. செய்யும்போது என்ன நடந்தது என்பதும், செய்தவர் யார் என்பதும்தான் எஞ்சும் சான்று.

அந்தச் சான்று இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் பெரிய உதாரணம் தந்திருக்கிறது. அங்கே விமானப் படையின் இளையோர் பிரிவான ஏர் கேடட்களுக்குப் பயிற்சி தர க்ரோப் நிறுவனத்தின் வைக்கிங், விஜிலன்ட் என்ற இரண்டு வகை காம்போசிட் கிளைடர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் இருந்தன. 2014 ஏப்ரலில் அவை அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. ஏதோ ஒரு விபத்து நடந்ததால் அல்ல. அவை தொடர்ந்து பறக்கத் தகுதியானவைதான் என்ற உறுதியைத் தர முடியாமல்போனதால். ஈராண்டு கழித்து 2016 மார்ச்சில் அரசு அறிவித்த திட்டப்படி குறைந்தது 73 வைக்கிங்குகளும், அதிகபட்சம் 15 விஜிலன்ட்டுகளும் மீட்கப்படும் என்றானது. விஜிலன்ட்டுகளோ 2018-ல் பணியிலிருந்தே விலக்கப்பட்டன. பிள்ளைகள் பலர் கிளைடர் ஏறாமலேயே வயது கடந்துபோனார்கள். அந்த இழைகளும் ரெசினும் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. விமானத்தின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலைதான் அவற்றைத் தரையில் நிறுத்தியது என்று நான் வாசிக்கிறேன். பணமும் பொறியாளர்களும் நெடிய விமான மரபும் உள்ள நாட்டில் நடந்தது இது. பத்துப் பதினைந்து விமானங்களை வைத்துக்கொண்டு நடத்தும் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு இதில் பாதி நெருக்கடி வந்தாலும் தாங்காது.

காம்போசிட் துருப்பிடிக்காது, உலோகத்தைப்போல் எளிதில் களைத்து வெடிக்காது, ஆகவே பழுதே அபூர்வம், அபூர்வமான வேலைக்குத் தனி நிபுணர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொருளின் நீடிப்பைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி விமானம் கெடுவது பெரும்பாலும் வயதால் அல்ல. மாணவர் தரையில் ஓங்கி இறக்குவார்; சக்கரத்தின் கால் பொருந்தும் இடத்தில் அழுத்தம் ஏறும். கொட்டகைக்குள் தள்ளும்போது இறக்கை நுனி தூணில் இடிக்கும். கீழே விழுந்த ஸ்பானர் தோலில் படும். இப்படிப்பட்ட அடிகள் அபூர்வம் அல்ல, அன்றாடம். தவிர, வேலை அபூர்வம் என்பதே நிபுணர் வேண்டும் என்பதற்குக் காரணமாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே இழை அடுக்கும் கை, பழக்கம் விட்டுப்போன கை. ஒவ்வொரு கிளப்பிலும் ஒருவர் எப்போதாவது ஒரு வேலை செய்வதைவிட, ஒரு வட்டாரத்தின் வேலை எல்லாம் பழகிய சிலரிடம் போவதே பாதுகாப்பு. அதற்கு அந்தச் சிலர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற்ற ஒவ்வொருவரும் காம்போசிட் பற்றிப் படித்துத்தான் இருக்கிறார். ஆனால் பாடத்தில் தேறியவர் என்பதற்கும், சரிவு தேய்த்து, அடுக்கு வைத்து, பதப்படுத்தி, அந்த வேலை சோதனையில் நின்றது என்பதற்கும் இடையே வெகு தூரம் இருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. பர்ட் ரூட்டான் 1970-களில் வடிவமைத்த வேரிஈஸி, அதன் பின் வந்த லாங்-ஈஸி விமானங்களை அச்சு இல்லாமல், நுரைக் கட்டியைச் சூடான கம்பியால் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழை அடுக்கிக் கட்டியவர்கள் தொழில்முறை நிபுணர்கள் அல்லர். வீட்டுக் கொட்டகையில் மாலை நேரங்களில் வேலை செய்த சாதாரண மனிதர்கள். அவை நன்றாகவே பறந்தன. அதே மரபில் வந்த வாயேஜர் விமானம் 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் 9 நாட்களில் உலகைச் சுற்றிவந்தது. அப்படியானால் பழுது நீக்க மட்டும் நிபுணர் ஏன்? கட்டுவதும் பழுது நீக்குவதும் ஒரே வேலை அல்ல என்பதுதான் விடை. கட்டுகிறவர் புதுத் துணியையும் சுத்தமான நுரையையும் கையில் வைத்துக்கொண்டு, வரைபடம் சொல்லும் வரிசையில் போகிறார். பழுது நீக்குகிறவர் முன்னால் இருப்பது எண்ணெயும் ஈரமும் ஏறிய பழைய பொருள். எத்தனை அடுக்கு, எந்தக் கோணம், இதற்கு முன் யார் என்ன ஒட்டினார்கள் என்பதெல்லாம் அவர் கண்டறிய வேண்டியவை. கட்டியவருக்குத் தன் விமானம் உள்ளும் புறமும் தெரியும் என்பதால்தான், ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடும் சான்றை அமெரிக்க அரசு கட்டியவருக்கு அவருடைய அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் கொடுக்கிறது. விமானம் விற்கப்பட்டால் அந்தச் சான்று வாங்கியவருக்குப் போகாது. ரூட்டான் வரைபட விற்பனையை 1985-லேயே நிறுத்திவிட்டார். இன்று ஒரு லாங்-ஈஸியை இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்குகிறவருக்கு அதன் உள்விவரம் தெரியாது. ஆகவே அந்த அனுபவமும் நான் சொல்லும் பக்கமே சாய்கிறது.

தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பிவிடலாமே என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். பெரிய சேதத்துக்கு அதுதான் சரியான வழியும்கூட. முதன்மை உத்தரம் உடைந்தால் வடிவமைத்தவரின் கணக்கு இல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஆனால் உள்ளங்கை அளவுப் பிரிவுக்காக இறக்கையைக் கழற்றிப் பெட்டி கட்டிக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் பாடத்தை நிறுத்த எந்தப் பள்ளியாலும் முடியாது. முடியாதபோது கையில் கிடைத்தவரை வைத்து ஒட்டிக்கொள்ளும் சபலம் வரும். நிறுவனங்களும் நிரந்தரம் அல்ல. விண்டெக்கர் ஈகிள் விமானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே செய்யப்பட்டு நின்றுபோயின. க்ரோப் நிறுவனம் 2008-ல் நொடித்துப்போய்க் கைமாறியது. விமானம் நாற்பது ஆண்டு பறக்கும். அதைச் செய்த கம்பெனி அத்தனை ஆண்டு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

உரிமம், பட்டியல் என்று போனால் செலவு கூடும், காகித வேலை பெருகும், கடைசியில் ஆட்கள் மறைவாக ஒட்டிக்கொள்வார்கள் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறு விமானத் துறையில் ஏற்கெனவே கட்டுப்பாடுகளின் பாரம் அதிகம். ஆனால் தனிப் பிரிவு என்பது கூடுதல் பாரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இலகு விமானங்களுக்கென்று தனி உரிம வகையைக் கொண்டுவந்தது. அதில் காம்போசிட் கிளைடர்களுக்கு ஒரு பிரிவு. காம்போசிட் மோட்டார் கிளைடர்களுக்கும் 1,200 கிலோவுக்கு மிகாத காம்போசிட் சிறு விமானங்களுக்கும் ஒரு பிரிவு. காம்போசிட் மட்டும் தெரிந்தவர், மர விமானத்தையும் துணி போர்த்திய விமானத்தையும் கற்றுக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தெரிந்த வேலைக்கு மட்டும் உரிமம் பெறலாம். பாரத்தைக் குறைத்து, திறமையைத் தெளிவாகக் காட்டும் ஏற்பாடு இது. இந்தியாவின் பராமரிப்பு உரிம விதிகள் ஐரோப்பிய விதிகளின் அடியொற்றியே எழுதப்பட்டவை என்பதால், இந்தப் பிரிவை இங்கே கொண்டுவருவது அந்நியமான வேலை ஆகாது. அமெரிக்க விதியிலும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: ஒரு மெக்கானிக், தான் முன்பு ஒருமுறை சரிவரச் செய்து காட்டாத வேலையை மேற்பார்வையிட்டுக் கையெழுத்துப் போட முடியாது, முதல்முறை செய்வதானால், தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும், அல்லது அதிகாரிகள் முன் தன் திறமையை நிரூபிக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011-ல் காம்போசிட் பெருவிமானங்கள் பற்றி வெளியிட்ட அறிக்கை நான்கு கவலைகளைச் சுட்டியது. பழுதுநீக்கும் பொருள்களும் முறைகளும் ஒரே சீராக இல்லை என்பது அவற்றில் ஒன்று. பராமரிப்போரின் பயிற்சியும் விழிப்பும் பற்றியது இன்னொன்று. போயிங் போன்ற நிறுவனங்கள் பின்னால் நிற்கும் விமானங்களைப் பற்றியே அந்தக் கவலை என்றால், பின்னால் யாரும் இல்லாத சிறு விமானத்தைப் பற்றி எவ்வளவு கவலை வர வேண்டும்?

ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டால், தமிழ்நாட்டுக்காரர்கள் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். காற்றாலையின் இறகும் கண்ணாடி இழை, ரெசின், நுரை அல்லது பால்சா மரம் ஆகியவற்றால் ஆன அடுக்குதான். கயிற்றில் தொங்கியபடி அந்த இறகில் சரிவு தேய்த்து, துணி வைத்து, சூடு கொடுத்துப் பதப்படுத்தும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். விமானத்தின் உள்ளங்கை அளவு வேலைக்கு வேண்டிய கைப்பழக்கத்தில் பெரும்பகுதி அவர்களிடம் உண்டு. குறைவது விமானக் கையேட்டை வாசிக்கும் பயிற்சியும், கிராம் கணக்கில் எடை பார்க்கும் ஒழுக்கமும், செய்ததை எல்லாம் எழுதிவைக்கும் பழக்கமும். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளைக் கரையிலேயே சரிசெய்கிறவர்களைப் பற்றி இதே அளவு நம்பிக்கையோடு சொல்ல மாட்டேன். அவர்கள் திறமையில் குறைவில்லை. ஆனால் படகு வேலையில் பாலியெஸ்டர் ரெசினும், எந்தத் திசையும் இல்லாமல் இழைகள் சிதறிக் கிடக்கும் 'மேட்' என்ற விரிப்பும்தான் வழக்கம். தடிமன் கூடினால் பலம் கூடும் என்பது அங்கே நியாயம். விமானத்தில் அந்த நியாயமே ஆபத்து. பழைய பழக்கத்தை மறந்துவிட்டுத் தொடங்க வேண்டியிருக்கும். மறுபுறம், தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டில் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு காம்போசிட். அதற்கான அறிவை வளர்த்த ஆய்வகங்களில் ஹன்சாவைப் பெற்றெடுத்த அதே பெங்களூரு ஆய்வகமும் ஒன்று. கற்றுத் தரக்கூடியவர்கள் அங்கே, கற்றுக்கொள்ளக்கூடியவர்கள் இங்கே. இரண்டுக்கும் நடுவே ஒரு பயிற்சிக் கூடமும் ஒரு தேர்வும் இல்லாததுதான் குறை.

பெரிய கட்டடமோ பெரும் நிதியோ கேட்கவில்லை. ஹன்சா-என்ஜி ஒரு கிளப்புக்குக் கொடுக்கப்படும்போதே, அந்த வட்டாரத்தில் அதைத் தொடத் தகுதி பெற்ற குறைந்தது இருவரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மேற்பூச்சு மட்டும் செய்யலாம், தோல் வரை போகலாம், உத்தரத்துக்கு அருகே வடிவமைத்தவரின் ஒப்புதலோடு வேலை செய்யலாம் என்று மூன்று படிகளாக அவர்களைத் தரம் பிரிக்கலாம். கையேடுகளே சேதத்தை இப்படித்தான் பிரிக்கின்றன. யார் எந்தப் படியில் இருக்கிறார், கடைசியாக எப்போது செய்து காட்டினார் என்பதை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தன் இணையதளத்தில் போட வேண்டும். வேலை நடக்கும்போது ரெசின் எந்தத் தொகுப்பு, எவ்வளவு கலந்தார்கள், அறையின் ஈரம் என்ன, எத்தனை மணி நேரம் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதெல்லாம் செய்தவரின் கையெழுத்தோடு விமானத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். கூரை போடும்போது அதே கலவையில் கான்கிரீட் கட்டி வார்த்து ஆய்வகத்துக்கு அனுப்பி நசுக்கிப் பார்ப்பதுபோல, விமானத்தில் ஒட்டும் அதே நேரத்தில், அதே கலவையில், அதே துணியில் சிறு பட்டை ஒன்றையும் ஒட்டி அதே சூட்டில் வைத்து, பிறகு உடைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த அந்தப் பட்டையை விமான எண்ணும் ஒட்டியவர் பெயரும் எழுதி, விமானம் பறக்கும் காலமெல்லாம் பதிவேட்டோடு வைத்திருக்க வேண்டும்.